இலுப்பை மணத்தில் குழம்பிய காவலன்

ஒரு காட்டில், பூத்துக் குலுங்கும் இலுப்பை மரத்தின் அடியில், கறையான் புற்று ஒன்று ஓங்கி நின்றது. அதன் வாயிலைக் காத்தவன் கூர்வாயன். கறையான் காவலர்களுக்குக் கண் தெரியாது. அவர்களுடைய பெரிய தாடைகள் கடிக்கத்தான் உதவுமேயன்றி மெல்ல உதவா. ஆகவே சருகி என்னும் உழைப்பாளி அக்காள், காய்ந்த புல்லைத் தான் மென்று அவனுக்கு ஊட்டி வந்தாள்.

புல்லின் நாரைக் கறையான்களாலும் தாமாகச் செரிக்க இயலாது. அவர்களுடைய வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதை உடைத்துக் கொடுக்கும். அப்போது இளம்புளிப்பு மணம் ஒன்று எழும். அந்த மணம் வந்தால் கூர்வாயன் வழிவிடுவான்; வராவிட்டால் கடிப்பான். அவன் அறிந்த காவல் அவ்வளவே.

அவனிடம் பலமுறை கடிபட்டவன் கருநயன் என்னும் கட்டெறும்பு. புற்றுக்குள் இருக்கும் முட்டைகளின்மேல் அவனுக்குத் தீராத ஆசை. ஒரு நாள், புல் சுமந்து சென்ற கறையான்களைப் பார்த்து அவன் நகைத்தான்.

“ஐயோ பாவம்! தலைக்கு மேலே இலுப்பைப்பூ தேனாய்ச் சொட்டுகிறது. நீங்களோ மாடும் தொடாத புல்லை மெல்லுகிறீர்கள். தாடை வலிக்கவில்லையா?”

“வலிக்கத்தான் செய்கிறது” என்றான் ஒரு கறையான்.

“அப்படியானால் சக்கையை எறியுங்கள், சாற்றைக் குடியுங்கள்!”

சருகி மட்டும் தடுத்தாள். “வயிற்றுக்குள் இருப்பவர்களுக்கு என்ன போடுவீர்கள்?”

“நமக்குத் தித்திப்பது அவர்களுக்குக் கசக்குமா, அக்கா?” என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றுமுதல் புற்றில் பூஞ்சாறே உணவாயிற்று. சருகி புல்லை மென்று கொண்டுவந்தபோது, “எனக்கும் தித்திப்பே வேண்டும்” என்று கூர்வாயனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாறு நாவோடு நின்றது. வயிற்றிலிருந்த நுண்ணுயிர்கள் பசியால் வாடின. புளிப்பு மணம் தேய்ந்தது. கூர்வாயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“யார் நீ?”

“உன் தம்பிதான், அண்ணா!”

“தம்பியின் மணம் எங்கே?” என்று கடித்தான். அடுத்து வந்தவனைக் கடிப்பதா, விடுவதா என்று திகைத்தான். பிறகு ஏதோ ஒன்று தன் வயிற்றில் உரசவே, ‘பகைவன்!’ என்று கவ்வினான். அது அவனுடைய கால்.

“ஐயோ! என்னைக் கடித்தது யார்?” என்று அலறினான்.

“நீயேதான், அண்ணா” என்றான் உள்ளிருந்து ஒருவன்.

மேலும் குழம்பிய கூர்வாயன், தானே ஒரு புது விதி வகுத்து உரக்க அறிவித்தான்: “இனி இலுப்பை மணம் வீசுபவரே நம்மவர்!”

கருநயன் காத்திருந்தது அந்தச் சொல்லுக்காகத்தான். தன் கூட்டத்தோடு உதிர்ந்த பூக்களில் புரண்டு எழுந்தான், வாயிலுக்கு வந்தான்.

“யார்?”

“நான்தான், அண்ணா. அளவுக்கு மீறிக் குடித்துவிட்டேன்.”

“உள்ளே போய்ப் படு” என்று வழிவிட்டான் காவலன்.

எறும்புகள் அனைவரும் நுழைந்த பின்னர், புல்லைச் சுமந்துகொண்டு சருகி வந்தாள். அவளிடம் இலுப்பை மணம் இல்லை. கூர்வாயன் அவள் காலைக் கவ்வினான்.

“அடேய் தம்பி! ஊட்டியவளையா கடிக்கிறாய்?”

அவள் வாயிலிருந்து இளம்புளிப்பு மணம் வந்தது. கூர்வாயன் தடுமாறினான். “இது எனக்குத் தெரிந்த மணம். ஆனால், யாருடையது?”

சருகி காலை இழுத்துக்கொள்ளவில்லை. தன் வயிற்றிலிருந்த புற்கூழை அவன் வாயில் ஊட்டினாள். அவன் பிடி தளர்ந்தது.

“அக்கா! நீயா?”

அதற்குள், “முட்டைகளைத் தூக்குகிறார்கள்!” என்று உள்ளே கூக்குரல் எழுந்தது.

“எல்லாரும் ஒரே மணமாக இருக்கிறார்களே! யாரைக் கடிப்பேன், அக்கா?”

“இப்போது யாரையும் கடிக்காதே. வாயிலை அடைத்து நில். வெளியேற வருபவரிடம் இந்தப் புல்லை நீட்டுகிறேன். மென்று விழுங்குபவர் நம்மவர்; எறும்புக்குப் புல் இறங்காது.”

கறையான்கள் முகம் சுளித்தாலும் மென்றார்கள், விழுங்கினார்கள். அடுத்து, முட்டையோடு ஒருவன் வந்தான். சருகி புல்லை நீட்டினாள்.

“எனக்குப் பல்வலி, அண்ணா” என்று குழைந்தான் கருநயன்.

“அப்படியா? பல் பிடுங்குவதில் நான் கைதேர்ந்தவன்!” என்று கூர்வாயன் பாய்ந்தான்.

தலைவனின் அலறலைக் கேட்ட எறும்புகள் முட்டைகளைப் போட்டுவிட்டு, கிடைத்த பிளவுகளில் எல்லாம் புகுந்து ஓடினார்கள்.

சருகி நுண்ணுயிர்கள் நிறைந்த தன் வயிற்றுக்கூழை ஒவ்வொருவருக்கும் ஊட்டினாள். புற்றுக்குப் புல் திரும்பியது. புளிப்பு மணமும் மெல்ல மெல்லத் திரும்பியது. அவள் கால் மட்டும் நேராகவில்லை. அந்த நொண்டி நடையின் அதிர்வைக் கொண்டே கூர்வாயன் அவளைத் தொலைவிலேயே அறிந்துகொள்வான்.

ஆயினும், “வழிவிடு, தம்பி” என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவன் தலை குனிந்து சொல்வான்:

“முதலில் வாயைத் திற, அக்கா.”

நீதி: நாவை மட்டும் மகிழ்வித்து, வயிற்றுக்குள் உழைப்போரைப் பட்டினி போட்டால், நம்மைக் காக்கும் காவலே நம்மைக் கடிக்கும்.