ரொட்டிக் காவலன் லார்டு ஆன கதை

கடல் தாண்டி வடக்கே ஒரு குளிர்க் காடு. பனி விழுந்தால் அங்கே புல்கூட முளைக்காது. அதனால் விலங்குகள் கோடையிலேயே தானியம் சேர்த்து, ரொட்டி சுட்டு, ஒரு குகையில் அடுக்கி வைக்கும்.

காவலுக்குக் காட்டுப்பன்றியை வைத்தன. காவலன் குகை வாசலில் குறுக்கே படுக்க வேண்டும். எல்லோரும் தின்ற பிறகே தின்ன வேண்டும். அது அந்தக் காட்டின் முறை.

அந்தக் காட்டுப் பேச்சில் ரொட்டிக்கு 'லாஃப்' என்று பெயர். காவலனுக்கு 'வார்ட்'. முதன்முதலில் பன்றியை 'லாஃப்வார்ட்' என்று கூப்பிட்டது முள்ளெலிதான். பன்றி பூரித்துப் போனது.

நாளாக ஆக, எல்லோர் வாயிலும் அரைபட்டு அந்தச் சொல் 'லாவர்ட்' ஆனது. பிறகு 'லார்டு' ஆனது. அதற்குள்ளே ரொட்டியும் காவலும் இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"லார்டு போய் வாசலில் படுப்பதா?" என்றது நரி.

பன்றி பாறைமேல் ஏறி இலை மெத்தையில் சாய்ந்தது. முதல் ரொட்டியையும் அதுவே தின்றது. முள்ளெலி கும்பிட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. முள்ளெலி அதை மனதில் முடிந்து வைத்தது.

பனி இறங்கியது. எலிகள் குகைக்குள் தாராளமாகப் போய்வந்தன. ரொட்டி பாதி காலி. முள்ளெலியின் குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன. முள்ளெலி நேரே பாறைக்குப் போனது.

"என்னப்பா, ரொட்டி போகுது, நீ தூங்குற?"

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா? லார்டுன்னு கூப்பிடு."

"அந்தப் பேரை வச்சதே நான்தான். வாசல்ல படுத்தவனுக்கு வச்சேன். மெத்தையில படுத்தவனுக்கு இல்ல."

"லார்டு, இந்த ஊசிமூட்டைக்கு வாய் ரொம்ப நீளம்," என்றது நரி.

"உன் நாக்கைவிடக் குறைச்சல்தான்," என்று சொல்லிவிட்டு முள்ளெலி இறங்கிப் போய், குகை வாசலில் முள்ளை விரித்துக் குறுக்கே படுத்தது.

முதலில் வந்த எலிக்கு மூக்கு கிழிந்தது. மற்றவை வந்த வழியே ஓடின.

மறுநாள் பங்கு பிரிக்கும்போது பன்றி முட்டிக்கொண்டு முன்னால் வந்தது. மான் மறித்தது.

"காவலன்னா கடைசியில தின்னு. இல்லேன்னா எங்களோட வரிசையில நில்லு. லார்டுன்னு இனி யாரும் கூப்பிட மாட்டோம்."

பன்றி நரியைத் தேடியது. நரியோ முள்ளெலியின் பக்கத்தில் குழைந்துகொண்டிருந்தது.

"லார்டு, குளிருதா?"

"முள்ளெலின்னே கூப்பிடு. தள்ளி நில்லு, குட்டிங்க முதல்ல தின்னட்டும்."

செய்த வேலையால் வந்த மரியாதை, அந்த வேலையை விட்டதும் போய்விடும்.