பேர் சொல்லாத மருந்து

உட்காருங்கள், சொல்கிறேன். இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று! கேட்கும்போது தலையை ஆட்டுகிறார்கள். எழுந்து போனதும் எவனிடமாவது எதையாவது வாங்கி விழுங்குகிறார்கள். எனக்கும் சலித்துப்போயிற்று. இருந்தாலும் கேளுங்கள்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் பூதன் என்று ஒரு ராஜா இருந்தான். பெரிய ராஜா ஒன்றும் இல்லை. மூன்று ஊர், ஒரு ஏரி, ஒரு கிழட்டு யானை, அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள், மூத்திரம் மஞ்சள். சோற்றைக் கண்டாலே குமட்டல். பக்கத்திலேயே இருந்து பார்த்துப் பார்த்து ராணி வெண்ணிக்கும் உடம்பு ஓய்ந்துவிட்டது.

மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற கொற்றி என்பவள் காமாலைக்கு மருந்து கொடுப்பாள். அவளைக் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு பச்சிலையை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள்.

"காலையில ஒரு வாய் போதும். என்ன இலைன்னு மட்டும் கேக்காதீங்க. பேரச் சொன்னா பலிக்காது, என் கைராசியும் போயிரும்" என்றாள்.

அந்தக் காலத்தில் காமாலை மருந்து கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்று நாளில் ராஜாவுக்குக் கொஞ்சம் பசி எடுத்தது. அதோடு விட்டிருக்கலாம். விட்டானா? "ஒரு மருந்துக்கே இப்படியென்றால் மூன்று மருந்துக்கு எப்படி இருக்கும்!" என்று கணக்குப் போட்டான். அரண்மனை வைத்தியரிடம் கஷாயம் வாங்கினான். ஊர் ஊராகச் சுற்றும் மாடன் என்பவனிடம் கறுப்பு உருண்டை வாங்கினான். அவர்களும் பேர் சொல்லவில்லை. காலையில் பச்சிலை, மத்தியானம் கஷாயம், சாயங்காலம் உருண்டை.

அடப்பாவி மனுஷா! ஈரல் என்ன உன் வீட்டு யானையா, ஏற்றுகிற மூட்டையை எல்லாம் சுமக்க?

ஒன்பதாம் நாள் உடம்பெல்லாம் அரிப்பு. வயிறு ஊதிவிட்டது. பகலெல்லாம் தூங்கினான், எழுப்பினால் உளறினான். வெண்ணியைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்டான்.

வெண்ணி உடனே அந்த மூன்று பேரையும் வரவழைத்தாள்.

"எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இவர் வயிற்றுக்குள் என்ன போயிருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

வைத்தியர், "குருவுக்குக் கொடுத்த வாக்கு" என்றார். மாடன், "சொன்னால் பலிக்காது" என்றான்.

கொற்றியின் பாடு வேறு. கணவன் இல்லாதவள், ஐந்து பிள்ளைகள். ஆடு மேய்த்துக் கிடைத்தது போக மீதிக் கஞ்சி அந்தக் கைராசியில்தான் வந்துகொண்டிருந்தது. ராஜாவின் முகத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"கீழாநெல்லிதான் தாயி. வயக்காட்டு வரப்புல கெடக்குறது. வேற எதுவும் சேக்கல. ஆனா இப்ப அதையும் நிறுத்திருங்க. நொந்து கெடக்குற ஈரல் மேல இனி ஒண்ணையும் ஏத்த வேணாம்."

ஆடு மேய்க்கிறவள் சொல்லிவிட்டாள் என்றதும் வைத்தியருக்கு வெட்கமாகப் போயிற்று. தன் கஷாயத்தில் போட்ட ஆறு வேர்களின் பேரையும் சொன்னார். எல்லோரும் மாடனைப் பார்த்தார்கள்.

அவன் வெண்ணியின் காலில் விழுந்தான். "எனக்கே தெரியாது தாயே! சந்தையில் ஒருத்தனிடம் வாங்கினேன். அவனும் பேர் சொல்லவில்லை."

கேட்டீர்களா! ஒன்றுமே தெரியாதவன்தான் அத்தனை நாளும் ரகசியம் காத்திருக்கிறான்.

வைத்தியர் மூன்று மருந்தையும் நிறுத்தினார். வெறும் கஞ்சித் தெளிவைக் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தார். பிழைப்பானா மாட்டானா என்று பதினைந்து நாள் யாருக்கும் தெரியவில்லை. பதினாறாம் நாள் ராஜா கண்ணைத் திறந்து, "வெண்ணி, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டான். அவள் ஓவென்று அழுதாள்.

ராஜா எழுந்து நடக்க ஒரு வருஷம் ஆயிற்று. எழுந்ததும் முதல் வேலையாக, மருந்து கொடுக்கிறவன் அதன் பேரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று மூன்று ஊரிலும் தண்டோரா போட்டான்.

நல்லது நடந்துவிட்டது என்கிறீர்களா? அதற்குள் ஜனங்கள், "வரப்புப் பூண்டா! இதற்கா இவளிடம் போனோம்?" என்று கொற்றி வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். மாடன் அடுத்த சீமைக்குப் போய்க் கடை போட்டான். அங்கே அவன் வாசலில் கூட்டமான கூட்டம். "பேரைச் சொல்லாமல் கொடுக்கிறான் பார், அதுதான் அசல் மருந்து!" என்று பேசிக்கொண்டார்களாம்.

வெண்ணி மட்டும் மாசத்துக்கு ஒரு மூட்டை நெல்லோடு கொற்றி வீட்டுக்குப் போவாள். "சொன்னதுக்கு வருத்தமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பொழப்பு போச்சு, வருத்தம் இல்லாம இருக்குமா தாயி? ஆனா சொல்லாம விட்டிருந்தா, என் புள்ளைங்க மொகத்த நான் எப்படிப் பாப்பேன்?" என்றாள் கொற்றி.

இதனால் அறிவது: பச்சிலை ஈரலுக்கு இதமாகவும் இருக்கும், எமனாகவும் மாறும், ஆகவே என்னவென்று தெரியாத மருந்தையும், ஒன்றின்மேல் ஒன்றாக அள்ளிப்போடும் மருந்தையும் வாயில் வைக்காதே.