தண்ணீர் கேன் இருந்த அறை

வாரத்தில் இரண்டு நாள் அந்த அரசுப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கிற ஒப்பந்த ஆலோசகர் பிலோமினா. தலைமையாசிரியர் தணிகாசலம் எதிரே வந்தால் அவள் ஒதுங்கிப் போய்விடுவாள். அன்று காலை அவரே அவளை நிறுத்தினார்.

"உங்க ரூமுக்கு வர்றவங்க பேரெல்லாம் நாலு மணிக்குள்ள வேணும். மனசு சரியில்லாததுங்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிடறேன். இல்லேன்னா பத்தாவது ரிசல்ட் போயிடும்."

கொடுத்தால் பிள்ளைகளின் படிப்பு போகும், மறுத்தால் அவள் வேலை போகும்.

நாலு மணிக்கு, ஆசிரியர்கள் கூடியிருந்த அறையில், தன் அறைக்கு வந்தவர்கள் பெயரை எழுதிய நோட்டை நீட்டினாள். "ஒருத்தரையும் விடலை, சார்."

அவர் கம்பீரமாக உரக்கப் படித்தார். "தணிகாசலம், திங்கட்கிழமை, இரண்டு தடவை." வேகமாகப் பக்கங்களைப் புரட்டினார். அடுத்து ஆசிரியர்கள் அத்தனை பேரும், பிறகு பள்ளி முழுவதும்.

"குடிதண்ணீர் கேன் என் ரூம்லதானே சார் இருக்கு? யார் தாகத்துக்கு வந்தாங்க, யார் அழ வந்தாங்கன்னு நான் எழுதறதில்லை. டி.சி.யை முதல் பேர்லேருந்தே ஆரம்பிக்கலாமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் நோட்டை மேசையில் போட்டுவிட்டு வெளியேறினார்.

அந்தக் கேனை, வேலையில் சேர்ந்த அன்றே அங்கே இழுத்து வைத்தவள் பிலோமினாதான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை அவள் வந்தபோது, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாட்டிலோடு வந்து கேன் பக்கத்தில் நின்றாள். பாட்டில் ஏற்கெனவே நிறைந்திருந்தது. பிலோமினா எழுந்து கதவைச் சாத்தினாள்.