யோருன் மகளின் கன்னம்

"டீச்சர், நான் உருளைக்கிழங்கு வரைஞ்சாக்கூட 'ஆகா, இந்தியா!'ங்கிறாங்க."

திருமேனி வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். தோளெல்லாம் பனி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உள்ளுக்கு வந்து கதவைச் சாத்துங்கோ அண்ணை. சூடெல்லாம் வெளியில போகுது," என்றார் பூரணம் டீச்சர்.

பூரணம் டீச்சர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுத்தவர். இப்போது நார்வேயின் வடகோடியில், ஒரு துறைமுக ஊரில், மீன் தொழிற்சாலை வேலை. கடல் தாண்டி வந்த ஓவியர்களுக்குக் கை ஓய்ந்துபோனால் அவரைத் தேடிப் போவது வழக்கம். அவர் என்னதான் சொல்லிக்கொடுப்பார் என்று கேட்டால், போய்வந்த ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

திருமேனி சாத்தூர்க்காரர். பதினொரு வருஷமாக இதே நாட்டின் தலைநகரில் இருக்கிறார். நாலு கண்காட்சி வைத்தவர். டீச்சரைவிட ஆறு வயது மூத்தவர். அந்த ஆறு வயது வழியெல்லாம் உறுத்திக்கொண்டேதான் வந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று கப்பலேறிவிட்டார்.

"பிறகு?" என்றார் டீச்சர்.

"ஊருக்குப் படத்தை அனுப்பினா என் தம்பி, 'என்னண்ணே, வெள்ளைக்காரன் படம் மாதிரி இருக்கு'ங்கிறான்."

டீச்சர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. தூரிகையை எடுத்தாலே ஒரு கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துக்கிடுது. இதை யாருக்கு வரையுறே? இவங்களுக்கா, நம்மாளுகளுக்கா? பதில் தெரியாம எட்டு மாசமா ஒரு கோடு போடலை. இந்தா, கையைப் பாருங்க."

கை நன்றாகத்தான் இருந்தது. நடுங்கக்கூட இல்லை.

"ஒரு கிடங்குல வேலை கிடைச்சிருக்கு டீச்சர். திங்கட்கிழமை சேரணும். நீங்க ஒரு பதில் சொன்னா வரைவேன். இல்லேன்னா தூரிகையை ஏறக்கட்டிட்டுப் பெட்டி தூக்கப் போயிடுவேன்."

"நல்ல வேலையோ?"

"டீச்சர்!"

"சரி, சரி. சாப்பிட்டனீங்களோ?"

திருமேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் பயணம் செய்து வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டார். வயிறு என்ன பாவம் செய்தது? சோறும் மீன் குழம்பும். இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

கை கழுவியதும் டீச்சர் சொன்னார்.

"பக்கத்து வீட்டில ஒரு பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு. மூண்டு மாசம். தாய் ஒரு படம் கேட்டவ. எனக்கு நேரமில்லை. நீங்கள் கீறிக் குடுங்கோ."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"முதல்ல பிள்ளையின்ர படத்தைக் கீறுங்கோ."

"முடியலைன்னுதானே உங்ககிட்ட வந்திருக்கேன்!"

"அப்ப நீங்களே போய் அவவிட்டச் சொல்லுங்கோ. முதல் ரெண்டு பிள்ளையும் அவவுக்குத் தங்கேல்லை. பாத்துச் சொல்லுங்கோ."

அதற்கு மேல் எந்த மனுஷன் போய் முடியாது என்பான்?

தாயின் பெயர் யோருன். கணவன் ஈவர், கடலுக்குப் போகிறவன். இருவருமே அதிகம் பேசுகிற ஆட்கள் இல்லை. ஈவர் பேசவே இல்லை.

முதல் நாள் திருமேனி குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கேள்வியும் கூடவே உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் தாய் விளக்கை ஏற்றினாள். குழந்தையின் காது மடலுக்குள் வெளிச்சம் புகுந்து சிவப்பாகத் தெரிந்தது. அட, இவ்வளவு மெலிசா? எலும்பே கிடையாதா? விளிம்பில் இருப்பது முடியா, பூனை மயிரா?

மறுநாள் பென்சிலை எடுத்தார். காதை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தார். காது முடிந்ததும் கன்னம் வந்தது. கன்னத்தோடு உதடு வந்தது. பென்சிலை வைக்க இடமே கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வண்ணமும் தீட்டி முடித்துவிட்டார். வேலைக்குப் போகிற வழியில் டீச்சரும் பார்க்க வந்தார்.

யோருன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"என் மகளுக்கு இங்கே மச்சம் இல்லையே," என்றாள்.

திருமேனி எட்டிப் பார்த்தார். குழந்தையின் இடது கன்னத்தில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. மிளகளவு.

அடக் கடவுளே! இதை எப்போது வைத்தோம்? யோசித்து யோசித்துப் பார்த்தார். கடைசியில் கன்னத்துச் சிவப்பை முடித்தபோது குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. 'அடி என் ராசாத்தி' என்று வாய் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கை என்ன செய்தது என்று ஞாபகமில்லை.

முகம் சுண்டிப்போயிற்று. போச்சு, இதையும் இந்தியா என்பார்கள்.

"தப்பாகிவிட்டது. இப்போதே அழித்துவிடுகிறேன்," என்று யோருனிடம் சொல்லித் துணியை எடுத்தார்.

"அழிக்காதேங்கோ," என்றார் டீச்சர் தமிழில். "ஏன் வைச்சனீங்கள் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ."

"சொன்னா சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிக்கட்டுமே."

தெரிந்த அளவுக்கு அந்த ஊர்ப் பாஷையில் சொன்னார்.

"எங்கள் பக்கம் ஒரு வழக்கம். குழந்தை அழகாக இருந்தால் பார்க்கிறவர்கள் கண் பட்டுவிடும். அது குழந்தைக்கு ஆகாது. அதனால் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைப்போம். பார்க்கிற கண் முதலில் பொட்டில் போய் விழும். குழந்தைக்கு ஒன்றும் வராது."

யோருன் சிரிக்கவில்லை.

"ஒன்றும் வராதா?"

திருமேனி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். வராது என்று சொல்ல அவர் யார்?

"வரக் கூடாது என்றுதான் வைக்கிறோம்," என்றார்.

யோருன் படத்தைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். பிறகு போய் விறகு அடுப்பின் கதவைத் திறந்து, உள்சுவரில் விரலை ஓட்டி, கரியோடு வந்தாள். குழந்தையின் முகத்தை மெல்லத் திருப்பி இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். படத்தை மறுபடியும் பார்த்தாள். பத்தவில்லை என்று இன்னும் கொஞ்சம் அப்பினாள்.

"அளவு சரியா?" என்று கேட்டாள்.

"சரி," என்றார் திருமேனி. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த ஈவர் அப்போதுதான் எழுந்து வந்தான். நல்ல உயரம். திருமேனிக்கு முன்னால் வந்து குனிந்து முகத்தை நீட்டினான்.

"நாளைக்குக் கடலுக்குப் போகிறேன்," என்றான்.

திருமேனி ஒரு சுத்தமான தூரிகையை எடுத்து, யோருனின் விரலில் மிச்சமிருந்த கரியைத் தொட்டுக்கொண்டார். ஈவரின் தாடி பாதிக் கன்னத்தை மூடியிருந்தது. எங்கே வைப்பது? தலையைச் சாய்த்துப் பார்த்தார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கன்ன எலும்பின் மேல் ஒரு விரற்கடை இடம் இருந்தது.

டீச்சர் வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றார். "இப்ப ஆருக்குக் கீறுறீங்கள்?"

"கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர்," என்றார் திருமேனி. "ஆள் அசையுறாரு."