பெட்ரோலைக் குடித்தது யார்?

பூரணத்தம்மாவின் மடத்துக் கார் பெட்ரோல் குடித்தது. சும்மா குடிக்கவில்லை, மொடாக் குடி. காலையில் டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்பினால், பக்கத்து ஊர் பிரசங்கம் முடிந்து திரும்பி வருவதற்குள் முள் அடியில் போய்ப் படுத்துவிடும்.

ஓட்டுகிறவன் தாணு. நாற்பது வயதுக்கு மேல் மடத்துக்கு வந்து சேர்ந்த சீடன். குருவான அம்மாவை ஊர் ஊராகக் கூட்டிப் போவதுதான் அவனுக்குப் பூஜை, ஜபம், எல்லாம். கார் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான்.

மடத்துக் காரியதரிசி ஆவுடையப்பன் ஒருநாள் சாப்பாட்டுப் பந்தியிலேயே கேட்டுவிட்டார்.

"வே தாணு, கார்தான் குடிக்குதா? இல்ல, யாராவது உறிஞ்சி விக்காவளா?"

தாணு எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தான். திருடன் என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மா ஏதாவது சொல்வார் என்று பார்த்தான். அம்மா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா சாவியை வெச்சிட்டு அடுக்களையில பூசணிக்காய் நறுக்கப் போம்" என்றார் ஆவுடையப்பன்.

தாணு காரை ரஃபி பாயின் பட்டறைக்கு ஓட்டிப் போனான். ரஃபி பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். டயரில் காற்றைச் சோதித்தார். கீழே படுத்து டேங்க்கை முகர்ந்தார். அப்புறம் தானே ஓட்டிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வண்டி தங்கம், அண்ணாச்சி. ஒரு கோளாறும் இல்ல."

தாணுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க பாய். நல்லாப் பாருங்க. சின்னதா ஒரு ஓட்டை இருந்தாக்கூடப் போதும்."

"இல்லாத ஓட்டைக்கு நான் எங்க போவேன்?"

"வண்டி நல்லாருக்குன்னா நான் திருடன்னு ஆயிரும், பாய்!"

ரஃபி தலையைச் சொறிந்தார். "நான் ஓட்டினா ஒழுங்கா ஓடுது. நீங்க ஓட்டினாத்தான் குடிக்குது. அது என்ன மாயமோ!"

ஆறுதல் சொல்ல வேண்டிய மனுஷன் பேசுகிற பேச்சா இது!

தாணு மடத்துக்குத் திரும்பி நேரே அம்மாவின் காலில் விழுந்தான்.

"அம்மா, நான் ஒரு சொட்டு எடுக்கல."

"தெரியும்யா."

"தெரிஞ்சுமா பந்தியில சும்மா இருந்தீங்க?"

"நீ எடுக்கலன்னு தெரியும். எங்க போச்சுன்னு தெரியலையே. வண்டியை எடு, பாப்போம்."

அம்மா வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். தாணு பதறிப்போனான். அம்மாவுக்கு எப்போதும் பின்சீட்டுதான். குருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டுவது பாவம் என்று நடுவில் ஒரு காவித் திரையை அவனே வாங்கி மாட்டியிருந்தான். இப்போது அந்தத் திரை வெறும் சீட்டை மறைத்துக்கொண்டு தொங்கியது.

கார் முக்கி முனகிக்கொண்டு நகர்ந்தது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் அம்மா மூக்கைச் சுளித்தார்.

"என்னய்யா இது, கருகல் வாசம்?"

"சாம்பிராணி வாசம்னு பக்தர்கள் சொல்லுதாங்கம்மா. போன பிரசங்கத்துக்குப் போய் இறங்கினோம்லா, அப்போ பின் சக்கரத்துல இருந்து புகையே வந்துது. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க."

"நீ?"

"நானும் போட்டுக்கிட்டேன்."

அம்மாவின் பார்வை கீழே இறங்கியது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு தண்டு பாதி தூக்கியபடி நின்றது.

"இது என்ன?"

"ஹேண்ட் பிரேக்கும்மா. நிறுத்தின வண்டி உருளாம இருக்கறதுக்கு."

"வண்டி இப்போ ஓடிக்கிட்டுல்லா இருக்கு?"

தாணுவின் முகம் மலர்ந்தது. எத்தனை நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி!

"பாதிதாம்மா இழுத்து வெச்சிருக்கேன். மாசித் திருவிழாப் பிரசங்கத்துல நீங்கதானே சொன்னீங்க, ஓடும்போதே நிற்கத் தயாராக இருக்கிறவன்தான் ஞானின்னு. அன்னைக்கு இழுத்தது. இன்னைக்கு வரைக்கும் விடல."

"பட்டறையிலயுமா?"

"ரஃபி பாய்கிட்ட கொடுக்கும்போது மட்டும் இறக்கிருவேன். அவருக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது!"

அம்மா முன்னால் கையை நீட்டிச் சொன்னார்:

"வண்டியை ஓரம் கட்டு. அந்தா தெரியுது பாரு டீக்கடை, நடந்து போயி ரெண்டு டீ வாங்கு."

தாணு இறங்கி நடந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். திரும்பினான். குருவின் முன்னால் நிற்கும் மரியாதைக்காக அவன் இடுப்பில் கட்டியிருந்த துண்டு. அதன் முனை, காரிலிருந்து இறங்கி வந்திருந்த அம்மாவின் கையில்.

"நட" என்றார் அம்மா.

குரு சொன்னால் சீடன் கேள்வி கேட்பானா? இழுத்துக்கொண்டு நடந்தான். அம்மாவும் விடவில்லை, குதிகாலை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ரோட்டில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. தாணுவுக்கு மானம் போனது, மூச்சும் போனது. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். போதவில்லை. அம்மாவின் டீயையும் எடுத்துக் குடித்தான். குடித்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

"இந்தத் தூரத்துக்கு ரெண்டு டீயா?" என்று கேட்டார் அம்மா.

தாணு கையிலிருந்த காலி கிளாஸைப் பார்த்தான். தூரத்தில் நின்ற காரைப் பார்த்தான். போய் அந்தத் தண்டை முழுக்க இறக்கினான். திரும்பும்போது கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. திருடன் இல்லை, நான் திருடன் இல்லை என்று அவன் நெஞ்சு துள்ளியது. மடத்து வாசல் தெரிந்ததும் துள்ளல் அடங்கிவிட்டது. காரணத்தைச் சொன்னால் அம்மாவின் வாக்குக்கல்லவா குறை வரும்?

வெள்ளிக்கிழமைப் பந்தியில் ஆவுடையப்பன் விடவில்லை.

"என்னவே, தெரிஞ்சுதா? யாரு குடிச்சது?"

தாணு எழுந்தான். மடியிலிருந்து சாவியை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நான்தான் ஐயா குடிச்சேன்."

ஆவுடையப்பன் சாவிக்குக் கையை நீட்டினார்.

"அவன் ரெண்டு டீதான் குடிச்சான்" என்றார் பூரணத்தம்மா. "பெட்ரோலைக் குடிச்சது என் பிரசங்கம்."

சாவியை எடுத்துத் தாணுவின் கையில் வைத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. காரியதரிசி இல்லையா, கண்டிப்பையும் விட முடியவில்லை.

"அப்போ தண்டனை யாருக்கும்மா? சொன்ன சொல்லு என்னாவறது?"

அம்மா இலையை மடித்தார். எழுந்து அடுக்களைப் பக்கம் நடந்தார். வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அருவாமனை எங்கய்யா இருக்கு?"