குதிரையின் கழுத்தில் ஒரு கிழிசல்

அருணகிரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஸெலின் டீச்சரின் அறைக்கு வந்ததிலிருந்து ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு கூரியர் உறையை எடுப்பார், மறுபடி உள்ளே வைப்பார்.

பழைய தாளைச் செப்பனிடும் வித்தையில் அவருக்கு ஸெலின்தான் குரு. குருவுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. சிஷ்யரோ ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். திருச்சியில் பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இவர்கள் இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

"உக்காருங்கண்ணே. எனக்குத் தலை சுத்துது."

"ஒரே ஒரு கேள்வி டீச்சர். கிழிஞ்சு நைஞ்சதைப் புதுசு மாதிரி காட்டுறோமே, இந்த வேலைக்குப் பிரயோஜனம் உண்டா, இல்லையா?"

"போன மாசம் நீங்க ஒட்டுன புஸ்தகத்தை எல்லார்கிட்டயும் தூக்கித் தூக்கிக் காட்டுனீங்க."

"அது போன மாசம்."

உறையிலிருந்து காமிக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டையில் ஒரு கௌபாய் குதிரையோடு ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவரும் அக்கா மங்கையர்க்கரசியும் சேர்ந்து வாங்கிய புத்தகம். துருப்பிடித்த பின்னை மாற்றி, அழுக்கு எடுத்து, கிழிசலை ஒட்டி, வெளிறிய இடத்துக்கு வண்ணம் தீட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருந்தார். நேற்றுத்தான் அச்சடித்தது போல இருந்தது.

அத்தனையும் அக்காவுக்காக. தன் மகள் கல்யாணத்தின்போது அக்கா வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்காமல் தபாலில் அனுப்பிவிட்டார். அக்கா வரவில்லை. அத்தை இல்லாத கல்யாணம் என்று சொந்தமெல்லாம் வாயில் போட்டு மென்றது. அன்றோடு பேச்சும் நின்றது. இந்தப் புத்தகத்தைப் பார்த்தால் அக்கா மனசு இளகும் என்று நம்பினார். நம்பியவர், இதையும் கூரியரில்தான் அனுப்பினார். பட்டும் புத்தி வராத மனுஷன்.

"அக்கா பேசுனாங்களா?"

"பேசுனா. இத்தனை வருஷத்துக்கப்புறம் போன் பண்ணி, 'இது நம்ம புஸ்தகம் இல்லடா. நம்மளது குதிரை கழுத்துல கிழிஞ்சிருக்கும். அதை நீ வச்சுக்கிட்டு, எதையோ வாங்கி என் தலையில கட்டுறியா'ன்னு கேட்டா. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள போனை வச்சுட்டா. புஸ்தகமும் திரும்பி வந்துருச்சு."

காலி உறையை மடித்து மடித்துக் கசக்கினார்.

"அந்தக் கிழிசல் எங்க? காட்டுங்க."

அருணகிரி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். குதிரையின் கழுத்து வழவழவென்று இருந்தது. தன் கைவேலை தனக்கே பிடிபடவில்லை. பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஸெலின் அதை வாங்கி, அட்டையைத் திருப்பிப் போட்டு, மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் நனைத்து உள்பக்கமாக இழுத்தார்.

"ஐயோ, டீச்சர்!"

"நாம ஒட்டுறது எதுவா இருந்தாலும் தண்ணிக்குப் பிரியணும். முதல் நாளே சொன்னேன்ல?"

பசை ஊறியது. பின்னால் ஒட்டியிருந்த மெல்லிய தாளை அவர் பொறுமையாக உரித்தார். குதிரையின் கழுத்து திறந்துகொண்டது. ஓரத்தில் வண்ணம் கொஞ்சம் கலைந்தது. அருணகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார். கோணல்மாணலான அந்தக் கிழிசலை விரலால் தொட்டார்.

"இதேதான். அவ அந்தப் பக்கம் இழுத்தா, நான் இந்தப் பக்கம் இழுத்தேன்." விரலை எடுக்காமலே கேட்டார்: "அப்ப நான் செஞ்சது எல்லாம் வீண்தானா?"

"பின்னை மாத்துனது வீணில்லை. விட்டிருந்தா துரு தாளைத் தின்னுருக்கும்."

"கழுத்து?"

ஸெலின் ஈரத்தை ஒற்றியெடுத்துக்கொண்டே கேட்டார்: "இதை முதல்ல ஒட்டுனது யாரு?"

"அக்காதான். அம்மா வர்றதுக்குள்ள, தட்டுல கிடந்த சோத்துப் பருக்கையை நசுக்கித் தேச்சு ஒட்டுனா. நான் அழுதுகிட்டே அட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் எறும்பு வந்து..." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அதையெல்லாம் நானே சுரண்டி எடுத்துட்டேன், டீச்சர்."

ஈரம் காய்ந்ததும் ஸெலின் கிழிந்த அட்டையோடு புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்.

"இப்படியே கூரியர்ல போட்டுரவா?"

ஸெலின் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, சரி. அக்காவைப் பாக்கக் கரூருக்கு இப்பவே பஸ் ஏறுறேன்." பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் பதற்றத்தோடு திரும்பினார். "ஆனா அங்க போய் ஒட்டணுமே. கொஞ்சம் பசை காய்ச்சிக் குடுங்க, டீச்சர்."

"பசை எதுக்குண்ணே? அக்கா வீட்டுல மத்தியானத்துக்குச் சோறு வடிச்சிருப்பாங்க."