தலைவருக்குப் பிடிப்பு வந்தது

சதுப்பர்களின் தலைவர் கோரையனுக்குக் காலில் வேர் விட்டுவிட்டது. இடுப்பளவு சேற்றில் நின்றார், வெளியே வர முடியவில்லை. மேலே மழை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

சதுப்பர்கள் தாழங்காட்டுக்குள் ஒளிந்து வாழும் கூட்டம். இலைச்சாறு விட்டு இரும்பை இளக்குவார்கள், பாசியில் பால் கறப்பார்கள். மருந்து இலை பறிக்கும்போது எந்தச் சதுப்பனும் கண்ணைத் திறந்திருக்கக் கூடாது. ரகசியம் வெளியே போய்விடுமாம். இது அவர்கள் சட்டம். மூளை என்று தனியாக ஒன்றும் கிடையாது.

தலைவர் அடிக்கடி சேற்றில் வழுக்கி விழுவார். மருந்துக்காரன் தாழையன் ஒரு தைலம் கொடுத்தான். "காலில பூசிக்கிட்டு, பிடிப்பு வர்ற வரைக்கும் சேத்துல நில்லுங்க."

நின்றார். வந்துவிட்டது.

வேரைக் கழற்ற ஓர் இலை உண்டு. பக்கத்துப் புதரிலேயே இருந்தது. எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். தாழையனும் மூடிக்கொண்டான். அவன் எப்போதும் மோந்து பார்த்துத்தான் பறிப்பான். அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம்.

முதல் இலையைக் கசக்கிப் பிழிந்தான். தலைவர் உச்சந்தலையில் பூ பூத்தது. இரண்டாவது இலைக்குக் காதோரம் காய் காய்த்தது.

தலைவர் மனைவி நீர்முள்ளிக்குப் பொறுக்கவில்லை. "ஏ தாழையா, கண்ணைத் தொறந்து பறிச்சாத்தான் என்ன?"

"ஒரு சதுப்பன் பார்த்துருவானே அக்கா."

"எவன்?"

"நான்தான்."

நியாயம்தான் என்றார்கள். தண்ணீர் மார்புக்கு வந்தது.

"வேரை வெட்டிடலாமா?" என்றான் பாசிமுத்து.

"பட்டுப்போயிடுவாரே" என்றான் தாழையன்.

"அப்ப தண்ணிய ஏறாதேன்னு சொல்லுவோம்."

"யாரு உத்தரவுன்னு கேக்கும்."

"தலைவர் உத்தரவு."

"தலைவர் யாருன்னு வெளியாளுக்குச் சொல்லலாமா?"



"டேய், தண்ணி வாய்க்கு வந்துடுச்சுடா" என்றார் தலைவர்.

"கண்ணைத் தொறந்துட்டீங்களா தலைவரே?" என்றான் தாழையன்.

"இல்லடா. சேறு ருசிக்குது."

நீர்முள்ளியின் எருமை அங்கேதான் ஊறிக்கிடந்தது. அதற்குப் பசி. புதரை மொட்டையடித்துவிட்டு, தலைவர் காதோரக் காயைக் கடிக்க வந்தது. மென்றுகொண்டிருந்த இலைச்சாறு அவர் கன்னத்தில் வழிந்தது. வேர் கழன்றது. தலைவர் மிதந்தார்.

மூச்சு வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது கண்ணைத் தொறந்தா பறிச்சுது?"

"ஆமா தலைவரே" என்றாள் நீர்முள்ளி.

எல்லாரும் நடுங்கிப்போனார்கள். தாழையன்தான் யோசித்துச் சொன்னான். "சட்டம் சதுப்பனுக்குத்தானே. இது சதுப்பனில்லையே."

பிறகென்ன. கண்ணைத் திறந்து இலை பறிக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் அதுதான் என்று முடிவாயிற்று. இன்றைக்கும் சதுப்பில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதன் எதிரே போய் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். ரகசியத்தை அது இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று பெருமை வேறு. புது மருந்துக்காரி பேரை வெளியே சொல்லக் கூடாதாம். எனக்கென்ன சட்டம். கூனக்கொம்பி.